ஏற்றி இறக்கும் ஹாம் டவர்: மொத்த எடையும் ஒரு ரோப்பில்

ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுபவர்கள், மோட்டார் வைத்து ஏற்றி இறக்கும் ஆன்டெனா டவரில் பிரிவுகள் ஒன்றுக்குள் ஒன்று சொருகி நிற்கின்றன. சாதாரண டவரைப் போல அவற்றை போல்ட் போட்டு முடுக்குவதில்லை. ஏற்றிய நிலையில் உள்பிரிவுகளையும், ஆன்டெனாவையும், அதைத் திருப்பும் ரோட்டேட்டரையும் பிடித்திருப்பது சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஸ்டீல் ரோப்தான். அது அறுந்தால் உள்பிரிவுகள் அத்தனையும் ஒரே நொடியில் சரிந்து இறங்கும். ஆகவே டவர் வாங்குபவர்கள் இரும்பின் கனத்தைப் பார்ப்பதற்கு முன் ரோப்பைப் பார்க்க வேண்டும்.

ரோப்பின் மேல் விழும் சுமையைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். மூன்று பிரிவு டவரில் வின்ச் (ரோப்பைச் சுற்றி இழுக்கும் உருளை) இழுக்கும் ரோப் நடுப்பிரிவை ஒரு மீட்டர் தூக்கினால், மேல்பிரிவு இரண்டு மீட்டர் உயரும். அதனால் மேலே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் வின்ச் ரோப்பில் இரண்டு கிலோவாகத் தெரியும். 25 கிலோ ஆன்டெனாவைக் கூடுதலாக மாட்டினால், ரோப் தாங்க வேண்டியது கூடுதலாக 50 கிலோ. கப்பிகளின் உராய்வு தனி.

சென்னையில் இந்த ரோப்புக்கு முதல் எதிரி உப்புக் காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் கால்வனைஸ் பூச்சு, அதாவது துத்தநாகப் பூச்சு, சீக்கிரமே போய்விடும். கெட்டுப்போவது வெளியே தெரியாது, உள் இழைகளில்தான் துரு தொடங்கும். டவர் இறங்கியிருக்கும்போது எப்போதும் ரோப்பின் அதே இடம்தான் கப்பியில் வளைந்து கிடக்கும். மழைத்தண்ணீர் தங்குவதும் அங்கேதான். அந்த இடத்தைக் கையால் மெல்ல வளைத்துப் பாருங்கள். இழைகளுக்கு நடுவிலிருந்து செம்பழுப்புத் தூள் உதிர்ந்தால் அந்த ரோப் முடிந்தது என்று அர்த்தம். பருத்தித் துணியை ரோப்பைச் சுற்றிப் பிடித்து நீளத்துக்கு இழுத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. அறுந்த இழை இருந்தால் துணி மாட்டும். கையுறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். வெர்னியரில் அளக்கும்போது 6 மி.மீ. ரோப் 5.6-க்கு வந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். கிரேன்களில் சில இழைகள் அறுந்தாலும் ஓட்டலாம் என்று விதி உண்டு. வீட்டு மாடிக்குப் பக்கத்தில் நிற்கும் டவருக்கு அந்தச் சலுகை வேண்டாம், ஒரு இழை அறுந்தாலே புது ரோப் போடுங்கள். கெட்டியான கிரீஸை அப்பினால் அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். உள்ளே ஊறிப் போகும் ரோப் ஆயில்தான் சரி. ரோப் முனையை மடக்கிப் பிடிக்கும் யு-கிளாம்ப் போடும்போது வளைந்த யு பாகம் சுமை இல்லாத வால் பக்கம் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்கும் பக்கம் நசுங்கும். முதல் முறை ஏற்றி இறக்கிய பிறகு நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும்.

ரோப் நன்றாக இருந்தும் அறுவதற்கு ஒரு வழி உண்டு. பெரும்பாலான மாடல்களில் டவர் தன் எடையால்தான் இறங்குகிறது. வழியில் ஏதாவது மாட்டினால் பிரிவு அப்படியே நிற்கும், வின்ச் மட்டும் ரோப்பை விட்டுக்கொண்டே போகும். மாட்டியது திடீரென்று விடுபட்டால் பிரிவு அந்தத் தொய்வு தீரும்வரை விழுந்து, ரோப் வெடுக்கென்று இழுபடும். அறுவது அந்த நொடியில்தான். மாட்டுவது பெரும்பாலும் ஆன்டெனாவிலிருந்து தொங்கும் கோஆக்ஸ் கேபிளின் வளையம். நம் ஊரில் காக்கைக் கூடும் உண்டு. குச்சியோடு கம்பித் துண்டுகளையும் காக்கை கொண்டுவந்து பின்னி வைக்கும். ஆகவே டவர் இறங்கும்போது கண் ரோப் மேலேயே இருக்கட்டும். தொய்வு தெரிந்தால் உடனே நிறுத்தி, மெதுவாக மேல்நோக்கி ஓட்டித் தொய்வை எடுத்துவிட வேண்டும். வேறு அறையில் உட்கார்ந்து மொபைலில் பட்டன் அமுக்கி இறக்குவதை நாங்கள் எதிர்ப்பது இதனால்தான். கீழ்நோக்கியும் இழுக்கும் இரண்டாவது ரோப் உள்ள மாடல் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள்.

அடுத்தது லிமிட் சுவிட்ச், டவர் எல்லையைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்துவது. உச்சியில் ஒன்று போதாது. அது தவறினால் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும் இரண்டாவது சுவிட்ச் வேண்டும். பல்லியும் எறும்பும் புகுந்து கான்டாக்ட் கெடுவது இங்கே சர்வசாதாரணம். பெட்டிக்குள் கேபிள் கீழ்ப்பக்கமாகவே நுழையட்டும். மாதம் ஒருமுறை மோட்டார் ஓடும்போது நீளமான கட்டையால் சுவிட்சின் நெம்பைத் தள்ளி, மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். மோட்டாரைக் கழற்றி மாட்டிய பிறகு இந்தச் சோதனை கட்டாயம். ஒயர் மாறி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால், ‘மேலே’ பட்டன் டவரை இறக்கும், ‘கீழே’ பட்டன் ஏற்றும். அப்போது உச்சி சுவிட்ச் துண்டிப்பது தவறான திசையைத்தான், மோட்டார் நிற்காது. அமெரிக்க மோட்டார் என்றால் அது 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததா என்றும் பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸில் அது மெதுவாக ஓடிச் சூடாகும்.

அஸ்திவாரத்துக்குத் தயாரிப்பாளர் தரும் வரைபடம் கெட்டியான, தோண்டாத மண்ணை நம்பிப் போட்டது. கிண்டிப் பக்கத்துப் பாறைக்கு அது பொருந்தலாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற சதுப்பு மண்ணுக்கும் கடற்கரை மணலுக்கும் பொருந்தாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டியே ஆக வேண்டும். நீள, அகலம் 1.2 மீட்டரும் ஆழம் 2 மீட்டரும் உள்ள குழிக்கு 2.88 கன மீட்டர் கான்கிரீட் ஆகும், ஏறக்குறைய 7 டன். இதை மொட்டை மாடி ஸ்லாபில் போல்ட் அடித்து ஈடுகட்ட முடியாது. டவரைப் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டுகளை டெம்ப்ளேட்டில் (இடம் மாறாமல் பிடிக்கும் சட்டத்தில்) கட்டித்தான் கான்கிரீட் போட வேண்டும். 28 நாள் கழிந்த பிறகே டவரை நிறுத்தலாம். மின்கம்பியிலிருந்து டவரின் முழு உயரத்தோடு ஆன்டெனா நீளத்தையும் சேர்த்த தூரம் தள்ளி இடம் பாருங்கள். மீனம்பாக்கம், தாம்பரம் பக்கம் என்றால் விமானப் போக்குவரத்துக்கான உயரக் கட்டுப்பாட்டை முதலிலேயே சரிபார்த்துவிட வேண்டும்.

காற்றுக் கணக்குக்கு வருவோம். கட்டடங்கள் மேல் விழும் சுமைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 150 கிலோ விசை அழுத்தும். ஆன்டெனா 17 மீட்டர் உயரத்தில் இருந்தால் அது அடித்தளத்தைப் புரட்டும் திருப்புவிசை, 7 மீட்டருக்கு இறக்கி வைத்ததைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஏற்றிய நிலையில் மணிக்கு 80 கி.மீ. வரை மட்டுமே உறுதி சொல்லும் பழைய இறக்குமதி மாடல்கள் பல இருக்கின்றன. எனவே பேசி முடித்ததும் டவரை இறக்கி வைப்பதுதான் இயல்பான நிலை. புயல் அறிவிப்பு வந்த பிறகு இறக்கலாம் என்று காத்திருந்தால் முதலில் போவது கரண்ட். 2016 டிசம்பர் 12 வர்தா புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பிடியால் சுற்றி இறக்கும் வசதி இருக்கிறதா, கைப்பிடி எங்கே இருக்கிறது, அது கியர் பாக்ஸில் சரியாகப் பொருந்துகிறதா என்று செப்டம்பரிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். கைப்பிடியை மாட்டுமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பாதியில் கரண்ட் வந்தால் கைப்பிடி சுழன்று கையை உடைக்கும்.

எர்த்திங்கில் ஒன்று மட்டும்: செம்புப் பட்டையை டவரின் கால்வனைஸ் காலில் நேராக முடுக்காதீர்கள், துத்தநாகம் அரித்துப்போகும். நடுவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வையுங்கள்.

ஏற்றிய டவரில் யாரும் கால் வைக்கக் கூடாது, பெயின்டராக இருந்தாலும் சரி. பிரிவு நழுவினால் குறுக்குச் சட்டங்கள் கத்தரி போல மூடிக்கொள்ளும், இடையில் இருக்கும் காலும் விரலும் போகும். முழுதாக இறக்கி, ரோப்பில் சுமை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிரிவுகளின் குறுக்கே இரும்புக் குழாய் செருகிய பிறகே ஏற வேண்டும். பாதியில் சிக்கி நிற்கிறதென்றால் ஏறிப் போய் விடுவிக்க முயலாமல், விழக்கூடிய சுற்றளவுக்குக் கயிறு கட்டி ஆட்களை விலக்குங்கள். ஸ்கை லிஃப்ட் வண்டியை வாடகைக்கு அழைத்து, கிரேனில் மேல்பிரிவைத் தாங்கிப் பிடித்த பிறகு, லிஃப்ட் வண்டியின் கூடையில் நின்று சிக்கலை எடுங்கள். எடுத்த பிறகு, இழுபட்ட அந்த ரோப்பை மறுபடி பயன்படுத்தாமல் முழுதாக மாற்றிவிடுங்கள்.