ஊற்றிய தண்ணீர் எங்கே நிற்கிறது?

சென்ற ஐப்பசியில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே மணி பிளான்ட். இலைகள் துவண்டு தொங்கின, அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. "தினமும் ஊத்துறேன் தம்பி. வாடுதேன்னு நேத்து ரெண்டு தடவை ஊத்தினேன். அப்படியும் இப்படித்தான் இருக்கு" என்றார். தொட்டியைக் கையில் வாங்கியதுமே கனம் தெரிந்தது. அடித்துளையை முகர்ந்தால் சாக்கடை வாடை.

வீட்டுக்குள் செடி வளர்க்கத் தொடங்கும் பலர் முதல் செடியை இப்படித்தான் இழக்கிறார்கள். வேருக்கு மூச்சு முட்டுகிறது. அது எப்படி என்று புரிந்துவிட்டால், எந்தத் தொட்டி, என்ன மண், எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்ற கேள்விகளில் பாதிக்கு நாமே விடை சொல்லிக்கொள்ளலாம்.

இலை பகலில் ஆக்சிஜனை வெளியிடுகிறது என்று பள்ளியில் படித்தோம். வேர் இருப்பது இருட்டில், அங்கே ஒளிச்சேர்க்கை கிடையாது. இலை அனுப்பும் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத்தான் அது ஆற்றல் பெறுகிறது, நம் உடலைப் போலவே. ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து உயிரணு செலவழிக்கும் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் சுமார் 30 கிடைக்கும். இல்லாவிட்டால் வெறும் 2. அந்த ஆக்சிஜன் மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்து வர வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான். அதுவும் நகர வேண்டுமே! காற்றில் பரவுவதைவிட தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண்ணின் நுண்ணிடைவெளிகளெல்லாம் தண்ணீரால் அடைபட்டால், கரைந்திருக்கும் கொஞ்சநஞ்சத்தையும் வேரும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் சீக்கிரமே தீர்த்துவிடும். பிறகு ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் பெருகும். அக்காவின் தொட்டியில் அடித்த வாடை அவற்றின் வேலை.

தண்ணீரில் மூழ்கிய செடி ஏன் தாகத்தில் வாடுவது போலவே வாட வேண்டும்? என்னை வெகுநாள் குழப்பிய கேள்வி இது. வேர் உயிரணுக்களின் சவ்வில் தண்ணீர் நுழைவதற்கென்றே அக்வாபோரின் என்ற புரதக் கதவுகள் இருக்கின்றன. இவ்வகைக் கதவுகளைக் கண்டுபிடித்ததற்காக பீட்டர் அக்ரேக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஒன்றைக் காட்டினார்கள்: ஆக்சிஜன் குறைந்தால் வேர் உயிரணுவின் உட்புறம் அமிலத்தன்மை அடைகிறது, அந்த அமிலம் கதவுகளை மூடிவிடுகிறது. சுற்றிலும் தண்ணீர், உள்ளே நுழைய வழியில்லை. இலை துவள்கிறது. நாம் பதறிப்போய் இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம்.

'துளைதான் இருக்கிறதே, மிச்சத் தண்ணீர் வடிந்துவிடாதா?' என்று கேட்கலாம். முழுவதும் வடியாது. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி, படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கட்டும். இப்போது அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி தண்ணீர் வடியும். அதுவும் நின்றபின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் அங்கே மட்டும் ஈரம் நிறைந்திருக்கும். நுண்துளைகளில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் விசையும் புவியீர்ப்பும் அங்கே சமன் ஆகிவிடுகின்றன. தொட்டியிலும் அதேதான். வடிந்து முடிந்தபின்னும் அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் சொதசொதவென்றே இருக்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண் துகளின் அளவு. தொட்டி உயரமா குட்டையா என்பதை அது பார்ப்பதில்லை. ஈர அடுக்கு 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் பாதிக்குச் சற்றுக் குறைவான இடம் அதற்கே போய்விடும். 30 சென்டிமீட்டர் தொட்டியில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவுதான்.

அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நர்சரியிலும் சொல்வார்கள், வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். இதை நான் உறுதியாக மறுக்கிறேன். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் கொண்ட ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மண்ணின் அடிமட்டம் முழுக்க நிறைந்த பிறகுதான் சொட்டத் தொடங்கும். ஆக, ஈர அடுக்கு மறைவதில்லை, ஜல்லியின் மேல் ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மண் வெளியேறாமலிருக்கத் துளைமேல் ஒரு ஓட்டுச் சில்லோ கொசுவலைத் துண்டோ போதும்.

மாற்ற வேண்டியது மண் கலவையை. வெறும் செம்மண்ணைத் தொட்டியில் அடைத்தால் நாலு மாதத்தில் இறுகிவிடும். அதோடு பருமணலும் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்தால் பெரிய இடைவெளிகள் உண்டாகும், காற்று தங்கும். நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும், இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். மேலே வெளுத்துக் காய்ந்து தெரிந்தாலும் உள்ளே அது நனைந்திருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். மண்தொட்டியின் சுவர் வழியாக ஈரம் ஆவியாகும், பானைத் தண்ணீர் குளிர்கிறதே அதே முறையில். கை தாராளமாக ஊற்றிப் பழகியவர்களுக்கு அதுதான் நல்லது.

இன்னொரு கணக்கு வெளிச்சம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். மொட்டை மாடியின் உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். ஜன்னலைவிட்டுத் தள்ளி, ஹாலின் மூலையில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். நம் கண் பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. செடிக்குத் தெரியும். வெளிச்சம் குறைந்தால் இலைத்துளைகள் குறைவாகத் திறக்கும், வேர் உறிஞ்சுவதும் குறையும். மாடியில் ஒரே நாளில் காலியாகும் தண்ணீர் ஹாலில் ஒரு வாரம் கிடக்கும். ஸ்நேக் பிளான்ட் இலைத்துளைகளை இரவில்தான் பெரும்பாலும் திறக்கிறது. அதற்குத் தண்ணீர் இன்னும் குறைவாகவே போதும்.

அதனால் 'வாரம் எத்தனை தடவை?' என்று கேட்பவர்களுக்கு நான் எண் சொல்வதில்லை. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால், துளை வழியாக வெளியே வரும்வரை ஊற்றுங்கள். இறங்கும் தண்ணீர் தன் பின்னாலேயே புதுக் காற்றை மண்ணுக்குள் இழுத்துவரும். தினம் அரைக் குவளை ஊற்றினால் அது நடக்காது. பிறகு மறுபடி காயும்வரை பொறுத்திருங்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் விவசாயிகள் சொல்வது தொட்டிக்கும் பொருந்தும். அடித்தட்டில் தேங்கியதை அரைமணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும்.

அக்காவின் செடியைக் கவிழ்த்துப் பார்த்தோம். வேர்கள் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் கையோடு வந்தது. கெட்டியாக இருந்த தண்டுகளைக் கணுவோடு வெட்டி, ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். "தண்ணியாலதான் செத்துச்சுன்னே, திரும்பத் தண்ணியிலயே வைக்கிறியே?" என்றார் அக்கா. நியாயமான கேள்வி. பாட்டிலில் அழுகும் எருவோ கோடிக்கணக்கான மண் நுண்ணுயிர்களோ இல்லை. ஆக்சிஜனுக்குப் போட்டி குறைவு. தண்ணீரின் மேற்பரப்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிது கரைகிறது, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் இன்னும் சேர்கிறது. மூன்றாவது வாரம் கணுக்களில் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. விரல் நீளம் வந்ததும் மண்தொட்டிக்கு மாற்றினோம், அடியில் ஜல்லி போடாமல்.