ஓல்ட் கோர்ஸுக்குப் புறப்படும் முன் உங்கள் முதுகையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

விளையாட்டுக் காயங்களுக்கு இயன்முறை சிகிச்சை அளிக்கும் என்னைத் தேடிக் கோல்ஃப் ஆட்டக்காரர்கள் ஆண்டில் இரண்டு முறை கூட்டமாக வருவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் வருபவர்கள், அடுத்த மாதம் ஸ்காட்லாந்துக்கோ அயர்லாந்துக்கோ புறப்பட வேண்டியிருக்கிறது, இந்த இடுப்புப் பிடிப்பைப் பத்து நாளில் எடுத்துவிட முடியுமா என்று கேட்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் வருபவர்கள் போய்விட்டுத் திரும்பியவர்கள். முதல் கூட்டத்தில் எட்டு வாரம் முன்னதாக வந்தவர் என்று எனக்கு ஒருவரும் நினைவில்லை.

உலகில் ஆடியே தீர வேண்டிய மைதானங்கள் என்று ஏதோ ஒரு பட்டியல் இவர்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. அழகு, வரலாறு, கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். அந்த மைதானம் ஆடுபவரின் காலிடமும் முதுகிடமும் மணிக்கட்டிடமும் எவ்வளவு வேலை வாங்கும் என்பது மட்டும் இருக்காது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உள்ள ஓல்ட் கோர்ஸிலிருந்து தொடங்குவதே முறை. 1764இல் அங்கே 22 குழிகளை 18ஆகக் குறைத்ததால்தான் இன்று உலகம் முழுவதும் 18 குழிகள். இவ்வளவு புகழ் இருந்தும் அது எந்தப் பணக்கார மன்றத்துக்கும் சொந்தமானதன்று. உள்ளாட்சி மன்றத்தின் சொத்து, அறக்கட்டளை ஒன்றின் நிர்வாகம். ஆட்டத்திறன் அளவைக் காட்டும் ஹேண்டிகேப் சான்று வைத்திருக்கும் எவரும் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு நடக்கும் பேலட் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். பெரிய போட்டிகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டமே கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும் பூங்காவாக அது மாறிவிடும். கோல்ஃப் ஆடத் தெரியாத நான் அந்த மைதானத்தை முழுவதும் நடந்து பார்த்தது அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில்தான்.

தொலைக்காட்சியில் தட்டையாகத் தெரியும் அந்த நிலம், காலை வைத்த பிறகு வேறு மாதிரி இருந்தது. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடக்கும் மணற்பாங்கான நிலத்தைத்தான் அவர்கள் லிங்க்ஸ் என்கிறார்கள். மணல்மேடுகள் மீது குட்டையான, இறுகிய புல் படர்ந்திருக்கிறது. பத்தடி சேர்ந்தாற்போல் சமமான தரை கிடைப்பது அரிது. ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால் தன்னைச் சரிசெய்துகொண்டே போகிறது. மூன்று மணி நேரம் கழித்து விடுதிக்குத் திரும்பியபோது எனக்கு வலித்தது தொடையன்று, கணுக்காலின் வெளிப்புறத் தசைகள். கையில் ஒரு மட்டைகூட இல்லாமல் நடந்ததற்கே அந்த வலி.

இன்னொரு செய்தி, இதை யாரும் போகும் முன் யோசிப்பதில்லை. நம் ஊரின் பல மைதானங்களில் ஒன்பதாவது குழி முடியும்போது கிளப்ஹவுஸ் அருகிலேயே வந்துவிடுவோம். முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு இளநீர் குடிக்கலாம். ஓல்ட் கோர்ஸ் பழைய லிங்க்ஸ் முறையில் போய்த் திரும்பும் மைதானம். ஏடன் ஆற்று முகத்துவாரம் வரை போய், அங்கே ஒரு கொக்கி போல வளைந்து, அதே நிலப்பட்டையில் திரும்ப வேண்டும். குழியைச் சுற்றி மழித்த புல்வெளியான கிரீன்களில் ஏழைப் போகும் குழியும் வரும் குழியும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆக, உடல் தளரத் தொடங்கும் பாதி வழியில்தான் நீங்கள் ஊரிலிருந்து மிகத் தொலைவில் இருப்பீர்கள். ஏறிப் போக பக்கி என்ற சிறு மோட்டார் வண்டியும் அங்கே பொதுவாகக் கிடையாது.

போன ஆண்டு என்னிடம் வந்த 62 வயது ஆட்டக்காரருக்கு நடந்தது அதுதான். ஊரில் அவருடைய பையை முப்பது ஆண்டுகளாக, கேடி எனப்படும் உதவியாளர்தான் சுமந்திருக்கிறார். அண்மைக் காலமாக ரிசார்ட் மைதானங்களில் பக்கி. ஸ்காட்லாந்தில் கேடிக்குத் தனிக் கட்டணம் என்றதும், பன்னிரண்டு கிலோ பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கு முந்தைய இரவுதான் விமானத்திலிருந்து இறங்கியிருந்தார். பன்னிரண்டாவது குழியில் குனிந்து பந்தை எடுத்தவரால் நிமிர முடியவில்லை. மீதி ஆறு குழிகளையும் அவர் நடந்துதான் திரும்பினார், மட்டையை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு.

முதுகுக்கு அடுத்தபடியாக நான் அஞ்சுவது அங்குள்ள பங்கர்களை. நம் மைதானங்களில் பங்கர் என்றால் சாய்வான மணல் தட்டு, நடந்து இறங்கி நடந்து ஏறலாம். லிங்க்ஸில் அது கிணறு. புல்கட்டிகளைச் செங்கல் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செங்குத்துச் சுவர், உள்ளே இறுகிய மணல். ஓல்ட் கோர்ஸில் இவை 112. பதினேழாவது குழியில் கிரீனை ஒட்டியிருக்கும் ரோடு பங்கரில் 1978 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின்போது ஜப்பானின் டாமி நகாஜிமா பந்தை வெளியே எடுக்க நான்கு அடி அடித்து, அந்தக் குழியை ஒன்பது அடிகளில் முடித்தார். வெற்றி வாய்ப்புள்ள தொழில்முறை ஆட்டக்காரரின் நிலையே அது. வார இறுதி ஆட்டக்காரர் ஆறு, ஏழு முறை முழு வேகத்தில் மணலை வெட்டுவார். ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக, இடுப்பு முறுகிய நிலையில் வெட்டுவார். பிறகு சுவர் உயரமாக இருக்கும் பக்கமே தாவி ஏறுவார். முழங்கால் சவ்வு கிழிந்து வந்தவர்கள் இருவரும் சொன்னது அந்தத் தாவலைத்தான். பந்து எங்கே கிடந்தாலும், நீங்கள் நுழையவும் வெளியேறவும் வேண்டியது தாழ்ந்த பக்கம். இரண்டு அடியில் வரவில்லை என்றால் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ அடித்து எடுத்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மணிக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரின் ஈரமான, மென்மையான தரையில் ஐயர்ன் என்ற இரும்புத்தலை மட்டை மண்ணுக்குள் இறங்கி வழுக்கிக்கொண்டு போகும். கடற்கரை லிங்க்ஸ் தரை அப்படி இடம் கொடுக்காது. பந்துக்குப் பின்னால் மட்டை தரையில் பட்டால் அந்த அதிர்ச்சி முழுவதும் கைக்கு வரும். முழங்கால் உயரப் புல்லில் மட்டை சிக்கினாலும் அப்படியே. வலக்கை ஆட்டக்காரருக்கு மட்டைப் பிடியின் அடிநுனி இடது உள்ளங்கையில், சுண்டு விரலுக்குக் கீழே உள்ள சதையில் அழுந்தியிருக்கும். அதற்கு உள்ளே ஹேமேட் என்ற சிறிய எலும்பிலிருந்து ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கொக்கி முறிவது கோல்ஃபில் தெரிந்த காயம். சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரங்களில் அது தெரியாமல் போய்விடும் என்பதுதான் தொல்லை. அயர்லாந்து போய்வந்த ஒருவர் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் இரண்டு மாதம் களிம்பு தடவிக்கொண்டிருந்துவிட்டு வந்தார், சி.டி. ஸ்கேனில்தான் முறிவு தெரிந்தது. அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறது, இறுகப் பிடித்தால் வலிக்கிறது, மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன என்றால், எக்ஸ்ரேயோடு நிறுத்தாமல் எலும்பு மருத்துவரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

காற்றும் குளிரும் யாரையும் விட்டுவைப்பதில்லை. 2002 ஜூனில் நியூயார்க்கின் பெத்பேஜ் பிளாக் மைதானத்தில் யு.எஸ். ஓப்பனை வென்ற டைகர் வுட்ஸ், அடுத்த மாதமே ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் மழைக் காற்றுக்கு நடுவே ஒரு சுற்றை 81 அடிகளில் முடித்தார். சென்னையின் 38 டிகிரியில் ஆடிப் பழகிய தசை, 14 டிகிரி ஈரக் காற்றில் ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயிலேயே, மிக நீளமான மட்டையான டிரைவரை முழு வேகத்தில் சுழற்றினால் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிட வேகநடை, பிறகு வெட்ஜ் என்ற குட்டை மட்டையில் தொடங்கிப் பெரிய மட்டைக்கு வரும் இருபது அடிகள்: இதற்கு முன் டிரைவரை உறையிலிருந்து எடுக்காதீர்கள்.

பெத்பேஜ் பிளாக் மாநில அரசின் பூங்காவில் இருக்கும் பொது மைதானம். மிகவும் கடினமானது, தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்று முதல் டீக்கு அருகிலேயே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வது ஒரு சடங்காகிவிட்டது. அங்கேயும் பக்கி கிடையாது, ஏற்ற இறக்கம் அதிகம். அதிகாலை இடத்துக்காக இரவெல்லாம் வாகன நிறுத்தத்தில் காருக்குள்ளேயே படுத்திருப்பவர்கள் உண்டு. காரில் மடங்கிக் கிடந்த முதுகோடு அந்த மேடுகளில் ஏறுவதை என்னால் எந்த வகையிலும் ஆதரிக்க முடியாது. ஒரெகன் கடற்கரையில் 1999இல் திறந்த பேண்டன் டியூன்ஸும் நடந்தே ஆட வேண்டிய இடம். வந்தது வந்தோம் என்று ஒரே நாளில் 36 குழிகள் ஆடும் ஆசை அங்கேதான் அதிகம் வரும்.

கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் பக்கி உண்டு, ஆனால் அது பாதையை விட்டு இறங்கக் கூடாது. பாதைக்கும் பந்துக்கும் இடையே மூன்று நான்கு மட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வருவதில் பெரிதாக எதுவும் மிச்சமாவதில்லை. ஒரு சுற்றுக்கு 600 டாலருக்கும் மேல் கொடுத்துவிட்டு, வலித்தாலும் நிறுத்த மனம் வராமல் ஆடுபவர்களும் அங்கேதான் அதிகம் என்பது என் அனுபவம். சுமார் 106 கெஜமே உள்ள அதன் ஏழாவது குழி, கடலுக்குள் நீட்டிய பாறை மீது இருக்கிறது. முதுகு சரியில்லாதவர் அங்கே கொடுக்கும் பணத்துக்கு அந்த ஒரு குழி ஈடு என்று ஆடியவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை.

ஆயத்தம் என்றதும் உடற்பயிற்சிக் கூடத்தை நினைக்க வேண்டாம். எட்டு வாரம் முன்பிருந்து வாரத்தில் மூன்று நாள் கடற்கரையில் ஈர மணலிலும் உலர்ந்த மணலிலும் மாறி மாறி நடங்கள்; நான்காவது வாரத்திலிருந்து பாதி நிரப்பிய பையைத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை 18 குழிகளையும் பக்கி இல்லாமல் முடியுங்கள். மலை நடையும் குளிரும் பழக வேண்டுமென்றால் கொடைக்கானல் இருக்கிறது. கடல் தாண்டித்தான் ஒத்திகை என்றால் 1889இல் தொடங்கிய நுவரெலியா மைதானம் இருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, பாதங்களை மட்டும் வெளிப்பக்கம் விரியுங்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு இடது பாதம் வலது பாதத்தைவிடக் குறைவாக விரிந்தால், பந்தை அடித்து முடிக்கும்போது இடது இடுப்பு மூட்டு திரும்ப மறுக்கிறது என்று பொருள். அது திரும்பாத பங்கைக் கீழ் முதுகு திரும்பி ஈடுகட்டும். ஒவ்வொரு முழுச் சுழற்சியிலும் இதுதான் நடக்கும். எனக்குத் தெரிந்த கோல்ஃப் முதுகுவலிகளில் பெரும்பாலானவை இந்த இடுப்பு மூட்டிலிருந்து தொடங்கியவை.

வலி கால் வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ பாதம் மரத்தாலோ அன்றோடு ஆட்டத்தை நிறுத்துங்கள். சிறுநீர் கழிப்பதில் சிரமமோ கட்டுப்பாடு இழப்போ, தொடையின் உட்புறத்தில் மரத்த உணர்வோ வந்தால் ஊர் திரும்பும் வரை காத்திருக்காமல் உடனே அங்குள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

அந்த 62 வயதுக்காரர் இந்த ஆண்டும் போனார். இறங்கிய மறுநாள் ஓய்வு, ஆறு நாளில் மூன்றே ஆட்டம், மூன்றிலும் கேடி. பேலட்டில் ஓல்ட் கோர்ஸ் கிடைக்காததால் பக்கத்திலேயே உள்ள நியூ கோர்ஸில் ஆடினார். பெயர்தான் நியூ, அது 1895இல் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் கைவீசி நடந்து, சுவில்கன் பாலத்தின் மீது நின்று படம் அனுப்பினார். அடுத்த ஆண்டு மே மாதப் பயணத்துக்கு முன் ஒரு வாரம் நேரம் ஒதுக்க முடியுமா என்று கீழே கேட்டிருந்தார். மார்ச் முதல் வாரத்தில் வாருங்கள் என்று பதில் அனுப்பினேன்.