தையல் பிரித்த பிறகும் சுருக்கென்று குத்துகிறதா?

"புண்ணு ஆறிடுச்சு, தையலும் பிரிச்சாச்சு, இன்னும் இன்னா வலி?" வீட்டில் இப்படிக் கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேதான் பலர் பிசியோதெரபிக்கு வருகிறார்கள். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. மேல்தோல் மூடிய பிறகும் தழும்பு உள்ளுக்குள் ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட மாறிக்கொண்டே இருக்கும். அதற்காக, மூன்று மாதம் தாண்டியும் வலிக்கிறதைப் 'போகப் போகச் சரியாயிடும்' என்று விட்டுவிடாதீர்கள்.

எந்த மாதிரி வலி என்று முதலில் பார்க்க வேண்டும். அசையும்போது இழுத்துப் பிடித்தால், தழும்பு அடியில் உள்ள தசையோடு ஒட்டியிருக்கலாம். எரிச்சல், மரப்பு, துணி பட்டாலே கூச்சம் என்றால் நரம்பு.

மீன் வெட்டும் அம்மா ஒருவருக்கு அரிவாள்மனை உள்ளங்கையைக் கிழித்திருந்தது. பார்த்தால் மெல்லிய கோடுதான். "ஐஸ்ல கை வெச்சா ஷாக் அடிக்குது மேடம்" என்றார். தழும்பின் ஒரு முனையை விரல் நுனியால் லேசாகத் தட்டினேன். சுண்டுவிரல் வரை சுளீரென்று ஓடிக் கையை உதறிவிட்டார். அறுபட்ட நரம்பின் முனை முடிச்சுப் போட்டுக்கொண்டால் இப்படி அடிக்கும். இதற்குத் தேய்த்துவிடுவது மட்டும் போதாது, கை அறுவை நிபுணர் பார்க்க வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கைக்கென்றே பேர்பெற்ற பிரிவு இருக்கிறது. நம் பேட்டைக்காரர்களுக்கே அது தெரிவதில்லை!

ஒட்டிப்போன தழும்புக்கு மசாஜ் நன்றாகக் கேட்கும். பொருக்கு முழுசாக உதிர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கலாம். சிசேரியன் என்றால் ஆறு வாரமாவது ஆகட்டும், டாக்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். நிறைய விட்டால் விரல் வழுக்கும். நகம் வெளுக்கிற அளவுக்குக் கட்டைவிரலால் அழுத்தி, தோலையே நகர்த்த வேண்டும்: நீளவாக்கில், குறுக்கே, வட்டமாக. ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. பாவாடை நாடா பட்டாலே கூசுகிறவர்கள் முதலில் பஞ்சால் தடவிப் பழகுங்கள். அப்புறம் பழைய வேட்டித் துணி, அதற்கும் பழகினால் டர்க்கி டவல்.

தடித்துச் சிவந்த தழும்புக்கு சிலிகான் ஷீட் நல்லது. தினமும் பன்னிரண்டு மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், அதுவும் மாதக்கணக்கில். சென்னை வியர்வைக்கு அடியில் அரிப்பு வரும், அதனால் ஷீட்டையும் தோலையும் தினம் கழுவித் துடையுங்கள். காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் அது கெலாய்டு; தோல் மருத்துவர் ஊசி போடுவார். கத்தியால் வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வளரும்.

மசாஜே கூடாத இடங்களும் உண்டு. சூடாக வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். இருமும்போது தழும்பு புடைத்தால் குடலிறக்கமா என்று சர்ஜன் பார்க்க வேண்டும். சிசேரியன் தழும்பருகே ஒரு கட்டி, மாதவிலக்கு நாட்களில் வலி கூடுகிறது என்றால், கர்ப்பப்பை உட்சவ்வுத் திசு அங்கே வளர்ந்திருக்கலாம். ஒரு ஸ்கேன் எடுக்காமல் அதில் யாரும் கை வைக்க வேண்டாம், நான் உட்பட.