ஸ்ட்ரட் ஸ்பேசர்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

வேகத்தடையில் காரின் அடி தட்டுகிறது என்று வருபவர்களில் சிலர் கையோடு ஸ்பேசரும் கொண்டுவருகிறார்கள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டுக்கும் கார் பாடிக்கும் நடுவே வைத்து காரை உயர்த்தும் வளையம்தான் இது. வீட்டில் செய்தது. காய்கறி நறுக்கும் பலகையை வட்டமாக வெட்டி அடுக்கியதுகூட உண்டு.

அந்தப் பலகை பெரும்பாலும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக். துருப்பிடிக்காது, லேசில் உடையாது, விலையும் குறைவு. ஆனால் விடாமல் அழுத்தம் பட்டால் மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். அரை மில்லிமீட்டர் அமுங்கினாலே போதும், நட்டின் இறுக்கம் போய்விடும். அப்படி வந்த ஒரு காரில் ஸ்டியரிங்கை ஒடித்தால் 'டொக்' என்று சத்தம். பானெட்டைத் திறந்தால், ஸ்ட்ரட்டின் மேல் இருக்கும் மூன்று நட்டில் இரண்டு விரலாலேயே சுழன்றன. கழற்றிப் பார்த்தபோது பலகையில் மவுண்டின் (ஸ்ட்ரட்டின் தலைப்பகுதி) விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது. நைலானுக்கும் இதே குணம்தான், கூடவே ஈரத்தை உறிஞ்சி உப்பவும் செய்யும். மரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நல்லது அலுமினியம். 6061 ரக ராடோ பிளேட்டோ வாங்கி லேத்தில் கடைந்தால் கவலையில்லை. பழைய பிஸ்டனை உருக்கி வார்த்த மலிவு வளையத்தை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே காற்றுக்குழி இருந்தால் வெளியே தெரியாது, ஒருநாள் விரிசல் விடும். கடலோர ஊர்களில் இரும்பும் அலுமினியமும் தொடும் இடம் உப்புக்காற்றில் அரிக்கும் என்பதால் பெயின்ட் அவசியம்.

கையில் காசு குறைவா? அப்படியென்றால் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) பிளேட்டே போதும். எடை கூடும் என்று பலர் தயங்குகிறார்கள். 150 மி.மீ. வெளிவிட்டம், 60 மி.மீ. துளை, 20 மி.மீ. கனம் உள்ள வளையம் அலுமினியத்தில் சுமார் 800 கிராம், எம்.எஸ்.ஸில் சுமார் 2.3 கிலோ. ஆனால் ஸ்ட்ரட்டின் மேல் உட்காரும் இந்த எடை பாடியோடு இருக்கிறது, சக்கரத்தோடு குதிப்பதில்லை. ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. துருப்பிடிக்காமல் பிரைமரும் பெயின்டும் அடித்துவிட்டால் சரி.

மெட்டீரியலைவிட எனக்குப் பயம் ஸ்டட்தான், அதாவது ஸ்ட்ரட்டின் மேல் நட்டு ஏறும் மரைக்கம்பி. ஸ்பேசர் வைத்ததும் ஸ்டட்டின் நீளம் பத்தாது. உடனே ஒரு துண்டை வெல்டிங் வைத்து நீட்டிவிடுகிறார்கள். வெல்டிங் சூட்டில் அந்த ஸ்டட்டின் பலமே போய்விடும், முறிவதும் அந்த இடத்தில்தான். குறைந்தது 8.8 கிரேடு (பலத்தைக் குறிக்கும் எண்), தேவையான நீளத்தில் புதிதாகப் போடுங்கள். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

உயரத்தில் பேராசை வேண்டாம். நான் 20 மி.மீ.க்கு மேல் போட்டுத் தருவதில்லை. அதற்கு மேல் போனால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடி ஜாயின்ட் சீக்கிரம் தேயும். எவ்வளவு குறைவாக ஏற்றினாலும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கம்பெனி வடிவமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருக்கிறது. மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிடுங்கள்.

மாட்டியதும் டார்க் ரெஞ்சால் (அளவு பார்த்து இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கி, நட்டிலும் மவுண்டிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். 500 கி.மீ. ஓடியதும் பானெட்டைத் திறந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் மறுபடி இறுக்கிவிட்டு ஓட்டாதீர்கள், கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.