சி.எஸ்.ஆர்.: பொறுப்பா, கடப்பாடா?

தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். என்றதும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவருக்குக் கிடைக்கும் ரசீதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே விளக்க வந்தது, அரசுப் பள்ளியின் இரும்பு பீரோக் கதவில் நன்கொடை தந்த நிறுவனத்தின் பெயரோடு எழுதப்பட்டிருக்கும் மற்றொரு சி.எஸ்.ஆர். நிறுவனம் சமூகப் பணிகளுக்குச் செலவிடுவதைக் குறிக்கும் 'கார்ப்பரேட் சோஷியல் ரெஸ்பான்சிபிலிட்டி' என்பதன் சுருக்கம் அது. நாளிதழ்கள் அதைப் பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு என்கின்றன.

இக்கருத்தை நூலாக விரித்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்டு போவன். 1953இல் வெளிவந்த அவரது நூல் 'சோஷியல் ரெஸ்பான்சிபிலிட்டீஸ் ஆஃப் த பிசினஸ்மேன்'. தலைவர் ஆண்தான் என்பது தலைப்பிலேயே முடிவாகிவிட்டது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 149ஆம் பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்கிறது. பெண்கள் இடம்பெற்ற குழுக்களில் சமூகச் செயல்பாடு சற்றே கூடுதல் எனப் பல ஆய்வுகள் காட்டினாலும், அவர்களால் அது கூடியதா, அத்தகைய நிறுவனங்களே பெண்களை அமர்த்துகின்றனவா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

'ரெஸ்பான்சிபிலிட்டி' என்பதன் லத்தீன் வேர் விடை சொல்லுதலைக் குறிக்கும்; நம் 'பொறுப்பு', சுமத்தலைக் குறிக்கும் 'பொறு' என்பதிலிருந்து பிறந்தது. சுமப்பவர் யாருக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை. நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவோ, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஒன்றையேனும் எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. ஆகவே 'கடன்' என்பதன் உறவுச்சொல்லான கடப்பாடு என்பதே பொருத்தமானது என்பேன்.

ஆனால் குறள் 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்கிறது. மேலைநாட்டுப் பெருநிறுவனங்கள் பலவற்றிலோ, தலைமைச் செயல் அதிகாரியின் ஊக்கத்தொகையில் ஒரு பகுதி சமூக, சுற்றுச்சூழல் இலக்குகளோடு பிணைக்கப்படுகிறது. கைம்மாறு அங்கே ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் பொது நிறுவன (பப்ளிக் கம்பெனி) இயக்குநர்களின் மொத்த ஊதியத்துக்குச் சாதாரணமாக நிகர லாபத்தில் 11 விழுக்காடு உச்சவரம்பு. பங்குதாரர்களின் பொதுக்கூட்டம் ஒப்புதல் தந்தால், சட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதைத் தாண்டலாம். இந்த 11, அந்த 2 ஆகிய இரண்டையும் அளப்பது அதே சட்டத்தின் 198ஆம் பிரிவின் லாபக் கணக்கே. 'முதலிலார்க்கு ஊதியமில்லை' என்னும் குறளில் ஊதியம் என்றால் சம்பளம் அன்று, லாபம். நிறுவனத்தின் செயலைச் சமூகக் கடப்பாடு என்போம். அதைக் காட்டித் தலைவர் பெறும் தொகைக்கு ஊதியம் என்ற சொல்லை அதன் பழைய பொருளிலேயே வழங்கலாம்.