புத்தகத்தை மூடிய பிறகு

கடல் நீர்நாயைப் பற்றி ஒரு பக்கம், சூரியனைப் பற்றி இன்னொரு பக்கம். இரண்டுமே முந்நூறு சொல்லுக்கு உட்பட்டவை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இந்தப் பக்கங்களை மாணவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒரு குழு நான்கு தடவை, தடவைக்கு ஐந்து நிமிடமாகத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு முதல் ஐந்து நிமிடம் மட்டும் படித்தது. மீதி மூன்று தடவையும் பக்கத்தைப் பார்க்காமல், நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் எழுதியது. எழுதியது சரியா தப்பா என்று யாரும் சொல்லவில்லை. முதல் குழு அந்தப் பக்கத்தைச் சராசரியாக 14 முறை வாசித்திருந்தது, இரண்டாம் குழு 3 முறை சொச்சம்.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம் நிலைமை தலைகீழாகிவிட்டது. படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. இதில் என் மனதை விட்டு அகலாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது 14 முறை படித்த குழுதான்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? என் கல்லூரி நாட்களில் ஸ்டடி ஹாலிடேஸ் முழுக்க நானும் அப்படித்தான் படித்தேன். ஜெராக்ஸ் நோட்ஸில் மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டு, ஒரு யூனிட்டை மூன்று தடவை முடிப்பேன். மூன்றாம் தடவை வரி எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும், எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தேர்வு அறையில் பதினாறு மார்க் கேள்வியைப் பார்த்ததும், பதில் இடதுபக்கத் தாளில் படத்துக்குக் கீழே இருந்தது என்பதுவரை ஞாபகம் வரும். அங்கே என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வராது.

பார்த்ததை அடையாளம் காண்பதும், பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவருவதும் ஒன்றில்லை. பேருந்தில் ஒரு முகத்தைப் பார்த்தால் தெரிந்தவர் என்று உடனே சொல்லிவிடுவோம், பெயர் நுனி நாக்கில் நின்று வராது. திரும்பப் படிக்கும்போது நடப்பது முகத்தை அடையாளம் காணும் வேலை. தேர்வு கேட்பதோ பெயரை. வாசிப்பு எளிதாக ஓடுவதை, விஷயம் மண்டையில் ஏறிவிட்டதன் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறோம். படிப்பவருடைய சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நன்றாக உழைக்கும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

நினைவு என்பது அலமாரியில் அடுக்கிய கோப்பு மாதிரி ஒரே இடத்தில் முழுசாக இருப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு துப்பைப் பிடித்துக்கொண்டு, துண்டுகளைத் திரட்டி, மறுபடி கட்டுகிறோம். கேள்வித்தாளின் ஒற்றை வரி அப்படி ஒரு துப்பு. அங்கிருந்து விஷயத்துக்குப் போகும் வழி, வயல் வரப்பின் ஒற்றையடிப் பாதை போல, நடக்க நடக்கத்தான் தடம் விழும். புத்தகம் கண் முன்னால் விரிந்திருக்கும்போது அந்த வழியில் நடக்கவேண்டிய தேவையே வருவதில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பியோர்க் இதை இன்னும் நுணுக்கமாக விளக்கினார். ஒரு விஷயம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது ஒரு வலு. இந்த நிமிடம் எவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகிறது என்பது வேறொரு வலு. இப்போதுதான் படித்தது சட்டென்று கைக்கு வரும். அதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதால் பதிவு பெரிதாக ஆழமாவதில்லை. கொஞ்சம் நழுவிப் போனதைத் திணறித் திணறி மீட்டால் பதிவு நிறையவே ஆழமாகிறது. திணறுகிற அந்தக் கணத்தில் நமக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று மனம் சோர்ந்து போகும். கற்றல் நடந்துகொண்டிருப்பது அப்போதுதான்.

நழுவ விடுவது நல்லது என்றால், எவ்வளவு நேரம் நழுவ விடலாம்? மறதியை முதலில் அளந்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, பிறகு மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டு 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மிச்சம் 44 சதவீதம், ஒரு நாள் கழித்து 34, ஒரு மாதம் கழித்தும் 21. முதல் மணி நேரத்தில் சரசரவென்று சரியும் கோடு, அப்புறம் மெதுவாகத்தான் இறங்குகிறது. சுத்தமாக மறந்துவிட்டது என்று நினைக்கும் பாடத்திலும் ஒரு மிச்சம் உள்ளே கிடக்கிறது என்பதை நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். அரியர் பேப்பருக்குப் படிக்க உட்காருகிறவர்களுக்கு அது தெரியவேண்டும்.

இடைவெளியைப் பற்றி 2008-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 1,350-க்கும் மேற்பட்டவர்கள், பலருக்கும் தெரியாத பொது அறிவுத் தகவல்களைப் படித்து, வெவ்வேறு இடைவெளி விட்டு மறுபடி பார்த்தார்கள். ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஓரிரு நாள் இடைவெளி நல்ல பலன் தந்தது. ஒரு வருடம் நினைவிருக்க வேண்டுமானால் மூன்று வாரம்போல விடவேண்டியிருந்தது. ஒரே இரவில் ஆறு மணி நேரம் உட்காருவதைவிட, அதே ஆறு மணி நேரத்தை இரண்டு வாரத்துக்குப் பிரித்துப்போட்டால் நிற்கும். கூடுதல் உழைப்பு எதுவும் இல்லாமல் கிடைக்கும் பலன் இது.

இது மனப்பாடக் கல்விதானே என்று ஒரு கேள்வி வரும். பள்ளியில் நாம் எல்லோரும் செய்யுளை ஒப்பித்தவர்கள்தான். ஒப்பித்ததும் ஒருவகையில் பார்க்காமல் மீட்டெடுப்பதே. ஆனால் அங்கே மீட்டது சொற்களின் வரிசையை. பல்கலைக்கழகப் பாடத்தில் மீட்கவேண்டியது காரண காரியத்தை. 'இது ஏன் இப்படி ஆகிறது' என்று தன்னையே கேட்டு, புத்தகத்தைப் பார்க்காமல், தன் வாக்கியத்தில் பதில் எழுதவேண்டும். 2011-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கார்ப்பிக்கும் ஜேனல் பிளன்ட்டும் ஒரு குழுவைப் புத்தகத்தைப் பார்த்துக் கருத்துப்படம் (கருத்துகளைக் கட்டங்களில் எழுதிக் கோடுகளால் இணைக்கும் படம்) வரையச் சொன்னார்கள், இன்னொன்றை நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். பாடத்தில் நேரடியாக இல்லாத, யோசித்துச் சொல்லவேண்டிய கேள்விகளுக்கும் நினைவிலிருந்து எழுதியவர்களே நன்றாகப் பதில் சொன்னார்கள்.

கட்டுரை, ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு இதே வழி இன்னொரு விதத்தில் கைகொடுக்கிறது. 1967-இல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற ஆய்வாளர், கலிலியோவும் தொலைநோக்கியும் பற்றிய ஒரு கதையைப் படித்துக் காட்டி, நடுவில் வந்த ஒரு வாக்கியத்தைச் சற்று மாற்றிக் கேட்டார். உடனே கேட்டால் சொல் மாறியதைக்கூடக் கண்டுபிடித்தார்கள். அரை நிமிடம் போல ஆனதும், பொருள் மாறினால் மட்டுமே கண்டுபிடித்தார்கள். சொற்களின் அமைப்பு அவ்வளவு சீக்கிரம் கரைந்துவிடுகிறது, பொருள் தங்கிவிடுகிறது.

ஒரு ஆய்வுக் கட்டுரையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு 'சொந்த நடையில்' எழுத முயன்றால், ஆசிரியரின் வாக்கியம் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். நாலு சொல்லை மாற்றுவோம், வாக்கியத்தின் எலும்புக்கூடு அவருடையதாகவே நிற்கும். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாத மாணவர்கூட இப்படித்தான் கருத்துத் திருட்டு என்ற குற்றச்சாட்டில் போய் நிற்கிறார். பத்தியைப் படியுங்கள், கணினித் திரையை மூடுங்கள், எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அப்புறம் அந்தப் பத்தி சொல்ல வந்ததை எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள், மறுபடி படிக்கவேண்டியதுதான். எழுத வந்தால் அது உங்கள் வாக்கியம். எண்களையும் பெயர்களையும் மூலத்தோடு சரிபார்த்து, யாருடைய கருத்து என்ற குறிப்பை அங்கேயே சேர்த்துவிடுங்கள். இரவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எது யாருடையது என்பது கலந்துவிடும்.

சரிபார்ப்பது படிப்புக்கும் கட்டாயம். ஒன்றுமே நினைவுக்கு வராத இடத்தில் புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் விட்டால் பலன் இல்லை. தப்பாக எழுதியதைத் திருத்தாமல் விட்டால் தப்பே பழகிவிடும்.

என் வகுப்பில் கடைசி ஐந்து நிமிடம் நோட்டை மூடச் சொல்லி, அன்றைய பாடத்தை அரைத்தாளில் எழுதச் சொல்கிறேன். தாளை நான் வாங்குவதில்லை, மார்க்கும் கிடையாது. முதல் வாரம் பாதிப் பேர் இரண்டு வரியோடு பேனாவை வைத்துவிட்டார்கள். மூன்றாவது வாரம், மணி அடித்த பிறகும் சிலர் எழுந்திருக்கவில்லை. அரைத்தாளில் தாங்கள் வெறுமையாக விட்ட இடத்தை நோட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள்.