யாரும் கை வைக்காமலே குறைகிற தொகை

அந்த அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. மடித்து மடித்து முனை கிழிந்துபோன வங்கிப் பாஸ்புக்கை என் மேசைமேல் விரித்து வைத்து, "என் பணத்துல யாரோ கை வைக்கிறாங்க தம்பி, கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தேன். ஆறு வருடப் பதிவுகள். மாதாமாதம் அதே தொகை. ஒரு மாதம்கூடத் தவறவில்லை, ஒரு காசும் பிடிக்கப்படவில்லை. "யாரும் எடுக்கலைம்மா, எல்லாம் சரியாத்தான் வந்திருக்கு" என்றேன். பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று போட வேண்டியது. பல மாதங்களாக இரவில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். "அப்ப முன்ன பத்துனது இப்ப ஏன் பத்தல?" என்று கேட்டார்.

உதவித்தொகை கேட்டு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், மறுக்கப்பட்டவர்களுக்கு மேல்முறையீடு செய்து கொடுப்பதும்தான் பல வருடங்களாக என் வேலை. விலைவாசி ஏறிவிட்டது என்று அவருக்குச் சொன்னேன். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி நாடாளுமன்றத்தில் இருக்கிறது என்பது எனக்குப் புரியவே சில வருடங்கள் ஆயின.

ஒரு உதவித்தொகையை வெட்ட வேண்டுமென்றால் அரசு அதை வெளிப்படையாகச் செய்தாக வேண்டும். அறிவிப்பு வரும், எதிர்ப்பு வரும், அவையில் யாராவது எழுந்து கேட்பார்கள். ஆனால் விலை ஏறும் காலத்தில் எதுவுமே செய்யாமல் இருந்தாலே போதும், அந்தத் தொகை தானாகக் குறைந்துவிடும். அதற்கு மசோதா வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டாம், ஒரு கையெழுத்துகூட வேண்டாம். தன் முன் வைக்கப்படும் காகிதங்களை ஆராய்வதற்கென்றே அமைந்த ஒரு மன்றத்துக்கு, வைக்கப்படாத காகிதம் கண்ணில் படாமல் போவது சுலபம்.

இந்தியாவின் தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதில் முதியோர் ஓய்வூதியத்துக்கு மத்திய அரசு தந்த பங்கு மாதம் 75 ரூபாய். 2006-இல் அது 200 ஆனது. பிறகு 80 வயதைத் தாண்டியவர்களுக்கு 500 என்று ஒரு பிரிவு வந்தது, தகுதி வயது 65-இலிருந்து 60-ஆகக் குறைந்தது. இரண்டும் நல்ல மாற்றங்கள். ஆனால் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு 2024-இலும் அதே 200 ரூபாய்தான். மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்ப்பதால் கைக்கு வருவது இடத்துக்கு இடம் மாறும். நான் பேசுவது மத்திய அரசின் பங்கைப் பற்றி மட்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 12 ஆண்டுகளில் எல்லாம் இரண்டு மடங்காகும். 18 ஆண்டுகள் கழித்து 200 ரூபாய்க்கு வாங்கக் கிடைப்பது, தொடக்கத்தில் 70 ரூபாய்க்குக் கிடைத்த அளவுதான். அதாவது 75 ரூபாயை 200 ஆக்கிய அந்த உயர்வு முழுவதும் கரைந்து, பழைய இடத்துக்கும் கீழே போயிருக்கும். இதற்கென்று யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை.

இந்தத் திட்டத்தை நடத்தும் அமைச்சகத்தை ஆராய்கிற, ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கவனிக்காமல் இல்லை. தொகையை உயர்த்துங்கள் என்று தன் அறிக்கைகளில் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. அமைச்சகம் ஒரு பதில் தரும், குழு அதில் திருப்தியில்லை என்று எழுதும், அடுத்த வருடம் மறுபடி இதே கடிதப் போக்குவரத்து.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018-இன் நிதிச் சட்டத்தில், நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டை (விலை எவ்வளவு ஏறியது என்று காட்டும் எண்) ஒட்டித் தானாக உயரும்படி வழிசெய்தார்கள். அதன்படி 2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு ஒரு லட்சம் ரூபாய் 1,24,000 ஆனது. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படியும் ஆண்டுக்கு இருமுறை குறியீட்டைப் பார்த்துத் திருத்தப்படுகிறது. இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. இரண்டும் சரியான ஏற்பாடுகள். விலை ஏறினால் வருமானமும் ஏற வேண்டும், அதற்காக ஒவ்வொரு முறையும் யாரிடமும் போய்க் கெஞ்சக் கூடாது என்ற நியாயம் அவற்றில் இருக்கிறது. அந்த நியாயம் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டவருக்கு ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

சரி, குறியீட்டோடு இணைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? அதுவும் இல்லை. பிரிட்டனில் உதவித்தொகைகள் விலைக்கு ஈடாக இருக்கின்றனவா என்று அமைச்சர் ஆண்டுதோறும் பார்த்தாக வேண்டும், சட்டமே அப்படிச் சொல்கிறது. வழக்கமாகச் செப்டம்பர் மாதப் பணவீக்கத்தை எடுத்து அடுத்த ஏப்ரலில் உயர்த்துவார்கள். 2021 செப்டம்பரில் பணவீக்கம் 3.1 சதவீதம். 2022 ஏப்ரலில் அந்த 3.1 சதவீத உயர்வு கைக்கு வந்தபோது பணவீக்கம் 9 சதவீதம். அக்டோபரில் 11.1 தொட்டது. ஈடு அடுத்த ஏப்ரலில்தான் வந்தது. குளிர்காலம் முழுவதும் வீட்டைச் சூடாக்க வேண்டியவரிடம் போய், வசந்தத்தில் சேர்த்துத் தருகிறோம் என்று சொல்வது போன்றது இது. ஆஸ்திரேலியாவில் முதியோர் ஓய்வூதியத்தை மார்ச், செப்டம்பர் என்று வருடத்துக்கு இருமுறை திருத்துகிறார்கள். இடைவெளி பாதியானால் வலியும் பாதியாகும். சட்டத்தின் ஒரு வரியில் 'ஆண்டுக்கு ஒருமுறை' என்று இருக்கிறதா 'இருமுறை' என்று இருக்கிறதா என்பதில் இத்தனை அடங்கியிருக்கிறது.

அதே பிரிட்டனில் வேலை செய்யும் வயதினருக்கான பெரும்பாலான உதவித்தொகைகளை 2016 முதல் நான்கு ஆண்டுகள் அப்படியே உறைய வைத்தார்கள். அது சட்டமாகவே நிறைவேறியது. 2015-இல் அந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது பணவீக்கம் ஏறக்குறைய பூஜ்யம். அன்று அது பெரிய இழப்பாகத் தெரிந்திருக்காது. பிறகு விலைகள் ஏறின, சட்டம் நகரவில்லை. எந்த உறைநிலையையும் அன்றைய பணவீக்கத்தை வைத்து மட்டும் எடைபோடக் கூடாது. மூன்று சதவீதமானால் என்ன, ஆறானால் என்ன என்று அன்றே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும்.

தணிக்கையாளர்கள் இதையெல்லாம் பிடிக்கமாட்டார்களா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. தணிக்கை அறிக்கைகளை ஆராயும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு மதிப்புக்குரிய அமைப்பு. பிரிட்டனில் 1861 முதலும் இந்தியாவில் 1921 முதலும் இயங்கிவருகிறது. ஆனால் ஒதுக்கிய பணம் ஒதுக்கிய காரியத்துக்கு முறையாகப் போய்ச் சேர்ந்ததா, வீணாகாமல் செலவானதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. கொள்கையின் சரி தவறுக்குள் தணிக்கையாளர் போகக் கூடாது என்று பிரிட்டனின் 1983 தணிக்கைச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. 200 ரூபாய் சரியான ஆளுக்குச் சரியான தேதியில் போயிருந்தால் கணக்கு சுத்தம். அந்த அம்மாவின் பாஸ்புக்கும் அப்படித்தான் சுத்தமாக இருந்தது.

ஆகவே ஒவ்வொரு துறையையும் தனித்தனியாக ஆராயும் துறைவாரி நிலைக்குழுக்கள்தான் இதில் முக்கியமானவை. இந்தியாவில் 1993-இலிருந்து இவை இருக்கின்றன. மக்களவையில் நேரம் போதாமல் பல அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள், அதாவது செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கைகள், ஒரு வார்த்தை விவாதமும் இல்லாமல் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன, 'கில்லட்டின்' என்பார்கள். பல நலத்திட்டங்களுக்கு யாராவது உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்கும் ஒரே இடம் இந்தக் குழு அறைதான்.

கேள்வி நேரத்தைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே நல்ல உறுப்பினர்கள்கூட வாய்ப்பை நழுவவிடுவதைப் பார்க்கிறேன். 'ஓய்வூதியத்தை உயர்த்த அரசு நடவடிக்கை எடுக்குமா?' என்று கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். அதோடு முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. இந்திய நாடாளுமன்ற வழக்கப்படி அது ஒரு உறுதிமொழியாகக் கணக்கில் ஏறக்கூடிய வாசகம். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அமைச்சர்கள் அவையில் தந்த வாக்கைத் தொடர்ந்து கவனிக்கும் உறுதிமொழிக் குழு அமைச்சகத்தைக் கேட்கலாம். அதைவிட, கேள்வியையே வேறு மாதிரி அமைக்கலாம். இந்தத் தொகை கடைசியாக எந்த ஆண்டு மாற்றப்பட்டது? அந்த ஆண்டின் மதிப்பு இன்று நிலைக்க எவ்வளவு தர வேண்டும்? கடந்த ஆண்டு எத்தனை விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன, என்னென்ன காரணங்களுக்காக? இவற்றுக்கு எண்ணால்தான் பதில் சொல்ல முடியும்.

மறுப்பைப் பற்றிக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொகை குறைவது ஒரு வழி என்றால், விதி இறுகுவது இன்னொரு வழி. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பல்லாயிரம் பெற்றோர்கள் மோசடிக்காரர்களாக நடத்தப்பட்டார்கள். சிறு தொகை கட்ட விட்டுப்போனதற்கும், ஒரு தாள் குறைந்ததற்கும், வாங்கிய மொத்தத்தையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். பீட்டர் ஓம்ட்ஸிக்ட், ரென்ஸ்கே லெய்டன் என்ற இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2020 டிசம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழு அறிக்கை தந்தது, 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. அந்த அறிக்கையில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்று உண்டு. குற்றம் அதிகாரிகளோடு நிற்கவில்லை, இப்படி இளக்கமில்லாத சட்டத்தை இயற்றிய நாடாளுமன்றத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று அந்தக் குழு சொன்னது.

ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' இதற்கு மறுபக்கம். வருட வருமானத்தை இரு வாரத்துக்கு இவ்வளவு என்று சராசரி போட்டு, இல்லாத கடனைக் கட்டச் சொல்லி ஏழைகளுக்குக் கணினி கடிதம் அனுப்பியது. 2017-லேயே நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழு இதை நிறுத்திவைக்கச் சொன்னது. ஆனாலும் 2019 இறுதிவரை ஓடியது. குழு சரியாகச் சொன்னது, வெளியே இருந்த நாம் அதைப் போதுமான அளவு தூக்கிப் பிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

நாம் என்ன செய்யலாம்? குழுக்கள் பொதுமக்களிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்பதுண்டு. நான் முதன்முதலில் அனுப்பியது பதினான்கு பக்கம். எல்லாம் உண்மை, எல்லாம் ஆதங்கம், ஆனால் ஒரு உறுப்பினர் கையில் எடுத்து அதிகாரியிடம் கேட்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. இப்போதெல்லாம் இரண்டு பக்கத்தைத் தாண்டுவதில்லை. ஐந்து பேர், பெயர் இல்லாமல், ஒன்று இரண்டு என்று எண் மட்டும். விண்ணப்பித்த தேதி, பதில் வந்த தேதி, மறுத்த காரணம் கடிதத்தில் உள்ள அதே சொற்களில். அப்புறம் தொகை, அது கடைசியாக உயர்ந்த ஆண்டு, அவர்கள் எதை நிறுத்தினார்கள் என்ற ஒரு வரி. 'இரவு மாத்திரை மட்டும்' என்பது அப்படி ஒரு வரி. அனுப்பும் முன் அவர்களிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள், ஏனென்றால் சில நாடுகளில் இந்தக் கடிதங்களை அப்படியே வெளியிடுகிறார்கள்.

கருத்துக் கேட்கும் அவகாசம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான். அறிவிப்பு வந்தபிறகு தாள்களைத் தேடினால் நேரம் போதாது. உதவித்தொகை சம்பந்தமாக வரும் எந்தக் கடிதத்தையும் உறையோடு எடுத்துவையுங்கள். கடிதத்தில் போட்டிருக்கும் தேதிக்கும் உறைமேல் விழுந்த தபால் முத்திரைக்கும் சில சமயம் மூன்று வாரம் வித்தியாசம் இருக்கும், மேல்முறையீட்டுக்குத் தரும் முப்பது நாளில் இருபது நாள் அதிலேயே போயிருக்கும்.